கை பத்திரம்

என் மகன் எட்வினுக்கு அம்மா எழுதுவது.

இங்கே யாவரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கினால் இரண்டுமே பொய்யாகிவிடும். இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதும் எனக்கு முன்பே தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கப்பல் பம்பாயில் வந்து நிற்கும்போது மாமா இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பார். துறைமுகத்திலேயே நின்றபடி பிரித்துப் படிக்காதே. பெங்களூர் ரயிலில் ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றில் படிக்கிற கடிதம் இல்லை இது.

உன் வலது கையைப் பற்றி நீ நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதியதை இன்றுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. "அப்பாவிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன், அதுவரை நீ வாய் திறக்கக் கூடாது" என்று எழுதியிருந்தாய். திறக்கவில்லை. இந்த வீட்டில் நான் வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் சும்மா இருந்த இந்த நாட்களில் உன் அப்பா சும்மா இருக்கவில்லை. நீ திரும்பி வருகிறாய் என்று தந்தி வந்த அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ரிச்சர்ட்ஸ் டவுனில் நம் சபையார் வீடு ஒன்று பாக்கியில்லை. நீ வந்து இறங்கியதும் வருகிற சனிக்கிழமை, பரேட் மைதானத்துப் பக்கத்து மண்டபத்தில் உன் கச்சேரி. லண்டனிலும் பாரிஸிலும் வாசித்த எட்வின் சொந்த ஊரில் வாசிக்கிறான் என்று சுவர்களில் ஒட்டியாகிவிட்டது. நம் வீட்டு எதிர்ச் சுவரிலும் ஒன்று இருக்கிறது. காலையில் பால்காரருக்குக் கதவைத் திறந்தால் உன் முகம்தான் முதலில் தெரிகிறது.

தடுக்கப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. அவன் வாசித்துப் பழக வேண்டிய வீட்டுப் பியானோ பல வருஷமாக மூடிக் கிடக்கிறது, சுருதி கெட்டிருக்கும், இப்போது வேண்டாமே என்றேன். "மெட்ராஸ்லேர்ந்து ட்யூனர் வர்றாரு. வீட்டோடயே தங்கி முழுசும் சரி பண்ணிக் குடுப்பாரு," என்றார். பிள்ளை களைத்துப்போய் வருவான், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். "கப்பல்ல என்ன துடுப்பா போட்டுக்கிட்டு வரான்? உக்காந்துதானே வரான்," என்றார். எனக்கே உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் படுத்துக்கொண்டும் பார்த்தேன். உன் அப்பா எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, மண்டபத்தில் யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று வாசித்துக் காட்டினார். எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

உன் கைக்கு இப்படி வந்திருக்கிறது என்று படித்தபோது முதலில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கையை நான் எப்படி வளர்த்தேன் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் ஏலம் விட்டபோது, நாற்காலி வாங்கப் போன உன் அப்பா பியானோவோடு வந்தார். கூலியாட்கள் "ஆஸ்தே, ஆஸ்தே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே அதை மெல்ல மெல்ல உள்ளே இறக்கினார்கள். எறும்பும் கரையானும் ஏறாமல் இருக்க அதன் கால்களுக்குக் கீழே மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணங்களை வைத்தோம். அதில் கோயில் பாட்டுகளை நீயாகவே தட்ட ஆரம்பித்ததும் அப்பா உன்னை மிஸ் ஹார்லியிடம் கூட்டிக்கொண்டு போனார். பட்டாளத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சமையல்காரரிடம் கற்ற தமிழில் என்னைப் பார்த்து, "கை ரொம்ப நல்லா பாத்துக்கோ. கை போனா எல்லாம் போச்சு," என்றார்கள்.

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ ஒரு வாளித் தண்ணீர் தூக்கியதில்லை. கிரிக்கெட் கிடையாது, மரம் ஏறுவது கிடையாது. சூடான சோற்றில் நீ கை வைக்கக் கூடாது என்று, மீசை அரும்புகிற வயது வரைக்கும் நானே பிசைந்து ஊட்டினேன். மார்கழிக் குளிரில் விரல் விறைத்துவிடக் கூடாது என்று ஃபிளானல் துணியில் கையுறை தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதால் பையன்கள் உனக்குக் கண்ணாடிக் கை என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீட்டில் குல்குல் பலகாரம் செய்ய எல்லோரும் பாயைச் சுற்றி உட்கார்ந்து, முள்கரண்டி முதுகில் மாவை உருட்டி உருட்டிப் போடுவார்கள். உன் சித்தப்பா பிள்ளைகள் மாவை மூக்கில் அப்பிக்கொண்டு சிரிக்க, நீ மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாய். "ஒண்ணே ஒண்ணு உருட்டறேம்மா," என்று ஒரு வருஷம் கெஞ்சினாய். முள்கரண்டி குத்திவிடும் என்று சொல்லிவிட்டேன். வெளியே கிளம்புகிறபோதெல்லாம் மற்ற அம்மாக்கள் "பாத்துப் போ" என்பார்கள். நான் "கை பத்திரம்" என்பேன்.

இத்தனை பத்திரமாக வைத்த கைக்கு எங்கிருந்து வந்தது இது? கதவில் நசுங்கவில்லை, வெட்டுப்படவில்லை, சுளுக்கவில்லை. நீ எழுதியிருந்தபடி மோதிர விரலும் சுண்டு விரலும் பியானோக் கட்டைகள்மேல் வைத்த மாத்திரத்தில் தானாக உள்ளே மடங்கிக்கொள்கின்றன. வலியும் கிடையாது. கரண்டி பிடிக்கலாம், பொத்தான் போடலாம், எனக்குக் கடிதம் எழுதலாம். வாசிக்க மட்டும் முடியாது. ஒரு டாக்டர் ஓய்வு என்றார், ஒருவர் மின்சாரம் வைத்துப் பார்த்தார், ஒருவர் விரல்களைப் பலகையில் கட்டினார், கடைசி ஆள் எல்லாம் மனசில்தான் என்று அனுப்பிவிட்டார். அளவுக்கு மீறி வாசித்த கைக்கு இப்படி வருவதுண்டு என்று அவர்களில் ஒருவர் சொன்னதை மட்டும் நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். அதை நான் பள்ளிக்கூடத்தில், கணக்கு வகுப்புக்கு மணி அடித்த பிறகும் எழுந்திருக்காமல் திரும்பத் திரும்பப் படித்தேன். உலகத்தில் உள்ள எல்லாவற்றிலிருந்தும் உன் கையைக் காப்பாற்றினேன். பியானோவிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கோபத்தோடு ஒரு நாள் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மிஸ் ஹார்லியை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். நீ நாள் முழுக்க வாசிக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்திலும் மேசை விளிம்பில் விரல் ஓட்ட வேண்டும் என்று சொன்னது அவர்கள்தானே, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கல்லின்மேல் பாசி படிந்து, பக்கத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து, யாரும் எட்டிப் பார்க்காத இடமாக இருந்தது. முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டு, கொண்டுபோன செவ்வந்தியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் நான் யாரிடம் சண்டைக்குப் போனாலும் இப்படித்தான் முடிகிறது.

உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். அப்பாவிடம் ஸ்டேஷனில் சொல்லாதே. வீட்டுக்கு வந்து, குளித்து, காபி குடித்த பிறகு சொல். அவர் நின்றுகொண்டிருக்கும்போது சொல்லாதே. டாக்டர்கள் பெயரையெல்லாம் அடுக்காதே, அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "முடியலப்பா" என்று மட்டும் சொல். இப்படி எழுதிவிட்டேனே தவிர, இதில் எது சரி என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை. உனக்கும் அவருக்கும் நடுவில் அந்தப் பழைய கச்சேரி வேறு உட்கார்ந்திருக்கிறது.

நீ அதை மறந்திருக்க மாட்டாய். லண்டனுக்குப் புறப்படும் முன் அதே மண்டபத்தில் வாசித்தாய். முன் வரிசைகளில் துரைமார்களும் துரைசானிகளும். பின் பெஞ்சுகளில் நம் சபையார், ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு. அந்த ஜெர்மன்காரர் பியானோவுக்கென்றே எழுதிய, வாய்ப்பாட்டில்லாத சொனாட்டாவில் நடுவே மெதுவாக ஒரு பகுதி வருமே, அதை ஆரம்பித்தாய். அந்த மெட்டு எப்போதோ ஜெர்மனியிலிருந்து மிஷனரிமாரோடு கிளம்பி வந்து நம் ஞானப்பாட்டு ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது என்று அதுவரை நீயும் யோசிக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை. கோயிலில் நம் வழக்கம் என்ன? ஆர்கன் முதலடியைத் தனியாக வாசிக்கும், அது முடிந்ததும் சபை எழுந்து பாடும். நீ முதலடியை முடித்தாய். பின் பெஞ்சுகள் எல்லாம் எழுந்து நின்றன. பாடகர் குழுத் தலைவர் என்ற முறையில் உன் அப்பா முதலில் எடுத்துக் கொடுத்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்குத்தான் பாட்டு என்றால் ஒன்றும் விளங்காதே, எல்லோரும் வீட்டுக்குப் புறப்படுகிறார்கள் என்று நினைத்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முன் வரிசைத் தலைகள் திரும்பின. ஒரு துரைசானி விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள். உன் காது மடல்கள் சிவந்தது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. நீ நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டினாய். நம் ஆட்களும் விடாமல் உன்னைத் துரத்திக்கொண்டு பாடினார்கள். அப்புறம் மெட்டு எங்கெங்கோ பிரிந்து ஓட, பிடிக்க முடியாமல் ஒவ்வொருவராக நின்று, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அப்பா கடைசியாக உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் நீ, "இனிமே என் கச்சேரிக்கு உங்க யாரும் வர வேணாம்," என்றாய். "ஆண்டவர் பாட்டு வாசிச்சா எந்திரிக்காம என்ன பண்றது?" என்று கேட்டார் அப்பா. "அது ஆண்டவர் பாட்டு இல்லப்பா. சொனாட்டா," என்றாய். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றைக்கு உங்கள் இருவருக்கும் வைத்த சோறு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நீ வாசித்து அவர் கேட்கவில்லை. நீ அனுப்பிய நிகழ்ச்சித் தாள்களை ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார். லண்டனில் உன்னைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு மேடையேறச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் கொதித்தார். "நம்ம வீட்ல யாரு தலப்பா கட்டினது? அவனுக்குக் கட்டவாவது தெரியுமா?" என்று சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் தலைப்பாகையோடு நீ இருக்கும் படம் வந்ததும் சட்டம் போட்டு மாட்டியது அவர்தான்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு என்னைக் கள்ளி என்று நினைத்தாலும் சரி. கச்சேரி எப்படியும் நின்றுவிடப் போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உன் இடது கை நன்றாகத்தானே இருக்கிறது. நீ மேடையில் உட்கார்ந்து, அந்த மெட்டின் முதலடியை இடது கையால் மட்டும் மெதுவாக வாசித்தால் போதும். நம் ஆட்கள் எழுந்துவிடுவார்கள். அவர்களால் எழாமல் இருக்க முடியாது. அத்தனை பேர் வாய்விட்டுப் பாடினால், நீ ஒரு கையால் வாசிக்கிறாயா இரண்டு கையாலா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்கு உன் மானத்தை வாங்கியவர்களே இன்றைக்கு அதைக் காப்பாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு சனி இரவு முழுக்க இந்த எண்ணத்தோடு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து போதகர் ஆசீர்வாதம் கூறியதும் உன் அப்பா பீடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். போதகரிடம் முன்பே கேட்டு வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "எல்லாரும் தயவு பண்ணிக் கேட்டுக்கணும். சனிக்கெழம நம்ம எட்வின் வாசிக்கும்போது நமக்குத் தெரிஞ்ச மெட்டு மாதிரி வரும். யாரும் எந்திரிக்கக் கூடாது. யாரும் வாய் தொறக்கக் கூடாது. அது பாட்டு இல்ல, சொனாட்டா. போன தடவ நான்தான் மொதல்ல எந்திரிச்சேன். என்னாலதான் பிள்ளைக்கு அவமானம் ஆச்சு. இந்தத் தடவ நான் பேசாம உக்காந்து கேக்கப் போறேன். நீங்களும் உக்காந்து கேளுங்க." அதோடு விட்டாரா? அந்தப் பாட்டை ஆர்கனில் வாசிக்கச் சொல்லி, சபையை உட்கார்ந்தபடியே கேட்கப் பழக்கினார். பழக்கதோஷத்தில் பாதி எழுந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்த இடத்திலேயே எழுந்து, "இல்லை, பாடுங்கள், தயவுசெய்து பாடுங்கள்" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல உனக்குக் கொடுத்த வாக்கு விடாது. அவர் முகத்தைப் பார்த்தால் வாக்கு இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி இது. நீ வாசிப்பாய், அவர் எழாமல் இருப்பார். உன்னால் வாசிக்க முடியாது என்று உனக்கும் எனக்கும் தெரியும், எழாமல் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். என்னை எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறாய், எட்வின்? பிள்ளைகளுக்கு எத்தனையோ கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதற்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. ஜெபம் பண்ணினாயா என்பாய். பண்ணுகிறேன். என்ன கேட்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் குழம்பிப்போகிறேன்.

ட்யூனர் வந்துவிட்டார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் ஒரே கட்டையை டங்கு டங்கு என்று தட்டிக்கொண்டிருக்கிறார். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கிண்ணங்களில் மண்ணெண்ணெயைக்கூட மாற்றி ஊற்றிவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குல்குலுக்கு மாவு சலித்து வைத்திருக்கிறேன். நீ வந்ததும்தான் பிசையப் போகிறேன். இந்த வருஷம் நீயும் பாயில் உட்கார்ந்து உருட்டலாம். இதை எழுதுகிறபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருக்கிறது.

ரயில் காலையில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வரும். பாடகர் குழு முழுக்க மாலையோடு நிற்கும். போதகர் கை குலுக்க வருவார், அவருக்குப் பின்னால் ஊரே கை நீட்டும். நீ புறப்பட்ட அன்றும் இதே பிளாட்பாரத்தில் ஆளாளுக்கு உன் கையைப் பிடித்துக் குலுக்க, நான் "கைய விடுங்க, பிள்ள கைய விடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கத்தின வேகத்தில் அந்தக் கையை நான் ஒரு தடவைகூடத் தொடவில்லை. ரயில் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் முன்னால் நான்தான் நிற்பேன். நீ படியில் கால் வைத்ததும் உன் வலது கையை என்னிடம் கொடுத்துவிடு. போதகரிடம் தலையை ஆட்டு, மற்றவர்களைப் பார்த்துச் சிரி. பிள்ளையைப் பார்த்ததும் கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளட்டும். ஜட்கா வண்டியிலும் விட மாட்டேன். தெருவில் இறங்கி, அந்தச் சுவரொட்டியைத் தாண்டி, வாசல் ஏறி, பியானோ இருக்கிற கூடம் வரைக்கும் பிடித்துக்கொண்டே வருகிறேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, தம்பி.